எனக்குக் கேட்காத ரெண்டடிக் குழாய்

அன்புள்ள ஜெபா,

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் நீ கேட்டதற்கு நான் அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று ஆர்கன் மூடியைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். நீயும் கேளம்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாய். உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஆர்கன் பெஞ்சில் நான் உட்காரலாமா, கூடாதா என்பதுதான் நமக்குள் நிற்கிற கேள்வி. போனில் பேசினால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ "சரிம்மா, விடும்மா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். இந்தப் பழக்கம் நமக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி. நடுவில் நிறுத்திவிட்டு எனக்கு போன் போடாதே.

நீ கட்டப்போகிற மெர்சியும் இதைப் படிப்பாள் என்று தெரியும், படிக்கட்டும். அவளுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். நம் கோயில் ஆர்கனில் எட்டே எட்டு மரக் குமிழ்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப் என்று பெயர். ஒரு குமிழை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்கள் பேசத் தயாராகும், தள்ளினால் வாயை மூடிக்கொள்ளும். குமிழின் மேல் எட்டடி என்று எழுதியிருந்தால் நாம் பாடுகிற அதே உயரம். நாலடி என்றால் ஒரு ஸ்தாயி மேலே. ரெண்டடி அதற்கும் மேலே இன்னொரு ஸ்தாயி; அதில் மேல்கோடிக் குழாய்கள் பென்சில் அளவுதான் இருக்கும், சத்தம் விசில் போல வரும். கைக்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டை வரிசை, காலுக்கு ஒன்று. எந்தக் கைக்கு எந்தக் குமிழ் என்று முடிவு செய்வதுதான் ஆர்கன்காரரின் பாதி வேலை. விரல் எல்லாருக்கும் பழகிவிடும். குமிழைத் தேர்ந்தெடுக்கக் காது வேண்டும்.

எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்தபோது ஆர்மோனியம் மட்டும் தெரியும். ஆர்கன் வாசித்தவர் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். அப்போதைய ஆயர் சாவியை என்னிடம் கொடுத்து, "தூசியாவது தட்டி வையும்மா" என்றார். தூசி தட்டப் போனவள்தான். நீ கைக்குழந்தை. பெஞ்சுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உன்னைப் படுக்கவைப்பேன். எட்டடிக்கும் ஒரு ஸ்தாயி கீழே பேசுகிற பதினாறடிக் குழாயைக் காலால் முனகவிட்டால் போதும், உனக்குத் தூக்கம் வந்துவிடும். அதற்காகவே மத்தியான வேளைகளில் பெடலை முதலில் கற்றுக்கொண்டேன். சொல்லித்தர ஆள் இல்லாததால், செய்ததை உடனே எழுதிவைத்தால்தான் எனக்கு நிற்கும். பழைய டைரி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன்: தேதி, பாட்டு, எந்த ஸ்டாப், எப்படி இருந்தது. வீட்டில் பால்காரருக்கும் கேஸுக்கும் எழுதுகிற மாதிரியேதான், ஒரு ஞாயிறும் விடாமல் எழுதினேன். இப்போது ஏழாவது டைரி நடக்கிறது.

கல்யாணத்துக்கு நான் எடுத்துவைத்திருப்பது ஒரு கோரல் பிரலூட். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன் தேசத்துக் கோயில் ஒன்றில் ஆர்கன் வாசித்தவர் எழுதியது. சபை பாடப்போகும் ஞானப்பாட்டின் ராகத்தை, பாடுவதற்கு முன்னால் ஆர்கன் ஒருமுறை தன் விதத்தில் சொல்லிக்காட்டும். வலது கை ராகத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கொடி மாதிரி அலங்காரம் செய்துகொண்டே போகும். இடது கையும் காலும் கீழே அமைதியாக நடந்துவரும். ராகத்துக்கு ஒரு குரல், கூட நடப்பவர்களுக்கு வேறு குரல். ராகத்தின் குரல் மங்கலாக இருந்தால் அலங்காரம் எல்லாம் வெறும் விரல் பயிற்சி. கூர்மையாக இருந்தால் கேட்பவர்களுக்கு எப்போது முடியும் என்று ஆகிவிடும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எந்தக் குமிழை இழுத்தார்கள் என்று புத்தகத்தில் எழுதியிருப்பதில்லை. அவரவர் கோயிலுக்கு, அவரவர் குழாய்க்கு, அவரவரே கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பிரலூட்டுக்காக மூன்று மாதமாக இழுத்தும் தள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் மெர்சியின் அப்பா கோயிலைப் பார்க்க வந்தார்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அது எப்படி இருந்தது என்று தெரியாது. வேடந்தாங்கல் பக்கம் அவர்கள் சபையில் ஆர்மோனியமும் தபேலாவும்தான், இத்தனை குழாயை அவர் பார்த்ததில்லை. தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னா சம்பந்திம்மா, போர்வெல்காரன் கூட இத்தினி குழாய் எறக்க மாட்டானே" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒவ்வொண்ணா போட்டுக் காட்டுங்க, கேக்கலாம்" என்றார். பதினாறடியை முனகவிட்டேன். "லோடு லாரி ஏரிக்கரை ஏறசொல்ல இப்டித்தான் இழுக்கும்" என்றார். ஓபோ குமிழை இழுத்து வாசித்தேன். "ஆங், இது நம்ம நாயனம்!" என்று கையைத் தட்டினார். கடைசியாக மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ரெண்டடியை மட்டும் இழுத்து, மேல்கோடி வரை ஒரு வரி வாசித்தேன்; போகப்போகச் சத்தம் மங்கியது, குழாயில் தூசி என்று நினைத்துக்கொண்டேன். கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி, பந்தியில் பிரியாணியோடு தயிர்ப் பச்சடி போதுமா, கத்திரிக்காயும் வேண்டுமா என்று பேச ஆரம்பித்தேன்.

மெர்சி காதோரம் கையை வைத்துக்கொண்டு நின்றாள். உன் அப்பா ஜன்னலைப் பார்த்தார். சம்பந்தி என் முகத்தையும் குழாய்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க கையெ எடுத்துட்டீங்க, அது இன்னும் கத்திக்கினு கீதே?" என்றார். "எது அண்ணா?" என்றேன். அப்போது என் தோளுக்கு மேலாக உன் கை வந்தது. அந்தக் குமிழை உள்ளே தள்ளியது. "ஒண்ணுமில்ல மாமா, காத்து லீக்கு" என்றாய். எல்லார் முகமும் ஒரே நேரத்தில் தளர்ந்தது. ஜெபா, எனக்கு எதுவும் தொடங்கவும் இல்லை, எதுவும் நிற்கவும் இல்லை. கட்டை ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு அந்தக் குழாய் அத்தனை நேரம் கத்தியிருக்கிறது. அது நின்றதை நான் உங்கள் முகங்களில்தான் பார்த்தேன். அதைவிட என்னை உறுத்தியது உன் கை. தேடவில்லை, தடுமாறவில்லை. எட்டுக் குமிழில் எது என்று பார்க்கக்கூட இல்லாமல் நேராகப் போய்த் தள்ளியது. இது முதல் தடவை இல்லை என்று அந்தக் கையே எனக்குச் சொல்லிவிட்டது.

சம்பந்தி மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டார்: "காது கொஞ்சம் மந்தமா சம்பந்திம்மா? எங்க அண்ணாத்தைக்கும் இதே கதெதான். டிராக்டர்லயே காலம் போச்சா, இப்ப போன் அடிச்சாகூட தெரியாது." மெர்சி அவர் கையைக் கிள்ளி, "நைனா, சும்மா இரு நைனா" என்றாள். நான் சிரித்துக்கொண்டே மூடியைச் சாத்தினேன். கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, உன் மேல்.

மறுநாள் காலையில் உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஏழு டைரியையும் மேஜை மேல் போட்டேன். ஸ்டாப் எழுதுகிற மூன்றாவது கலத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் நான்கு டைரியில் ரெண்டடி எப்போது வருகிறது தெரியுமா? கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை. அவ்வளவுதான். தவக்காலத்தில் ஒருநாளும் இல்லை. ஐந்தாவதில் மாதம் ஒருமுறை. ஆறாவதில் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு. ஏழாவதில் போன தவக்காலம் முழுக்க, பெரிய வெள்ளியன்றுகூட, என் கையெழுத்தில் ரெண்டடி, ரெண்டடி என்று எழுதியிருக்கிறது. பக்கத்துக் கலத்தில் "சத்தம் மந்தமாக இருந்தது, மழை ஈரம் போல" என்று. பங்குனி மாதத்தில் என்ன மழை? எனக்குக் கேட்பது குறையக் குறைய நான் அதை இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன். பெரிய வெள்ளிக்கிழமை ஜனங்கள் தலைகுனிந்து அழுகிற நேரத்தில் அவர்கள் காதுக்குள் விசில் ஊதியிருக்கிறேன்.

"ஏங்க, நான் வாசிக்கிறது காதைக் குத்துதா?" என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவர் பேப்பரை இறக்காமலே, "எனக்கு என்ன தெரியும், கல்பாக்கத்துல முப்பது வருஷம் பம்பு சத்தத்துல நின்னவன்" என்றார். பிறகு பேப்பரை மடித்தார். "பையன் மூணாவது பெஞ்சுலதான உக்காருவான். ரெண்டு வருஷமா கடைசி பெஞ்சுக்குப் போயிட்டான், கவனிச்சியா?" நான் கவனித்திருந்தேன். உன்னிடம் கேட்கவும் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "அங்கதாம்மா ஃபேன் காத்து நல்லா வருது." நானும் நம்பினேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்பேன். "சூப்பர்மா." அதை அப்படியே நாலாவது கலத்தில் எழுதுவேன்.

காது பார்க்கிற இடத்துக்குப் போனோம். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண். முதலில் எல்லாம் கேட்டது, உற்சாகமாக அமுக்கினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். அவள் விரல் மட்டும் அசைகிறது. "ஏம்மா, நீ அமுக்குறது தெரியுது, சத்தந்தான் வரமாட்டேங்குது" என்றேன். அவள் கதவைத் திறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேசுறதெல்லாம் நல்லா கேக்குதும்மா உங்களுக்கு. மேல் சத்தம் மட்டும் போயிருக்கு. வயசானா வர்றதுதான்" என்றாள். மெஷின் வைத்தாலும் அவ்வளவு மேலே கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள்.

வீட்டுக்கு வர மனசில்லை. உன் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினார். கடற்கரையில் கூட்டமில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். அலை விழுகிற சத்தம் எனக்கு முழுசாகக் கேட்டது. ஆனால் விழுந்த அலை திரும்பிப் போகும்போது மணலில் நுரை உடைகிற சத்தம் ஒன்று உண்டே, அது இல்லை. அலை விழுகிறது, பிறகு வெறுமை, பிறகு அடுத்த அலை. எத்தனை வருஷமாக இல்லையோ தெரியாது. "அது எப்படிங்க இருக்கும், சொல்லுங்க" என்றேன். அவர் என் காதுக்கிட்டே வாயை வைத்து "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றார். சுண்டல் விற்கிறவன் எங்களைப் பார்த்துவிட்டு, "நடத்து பெருசு, நடத்து" என்று சொல்லிக்கொண்டே போனான். உன் அப்பாவுக்கு முகமெல்லாம் வெட்கம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஜெபத்தில் கர்த்தரிடம் என்னென்னமோ கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த மணலில் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கேட்டேனே, அதற்கு நன்றி என்று மட்டும் சொன்னேன்.

உன் மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை. ஊரான் ஒருத்தர் ஒரே வாயில் சொன்னதை, பெற்ற பிள்ளை ரெண்டு வருஷமாக மறைத்து, குமிழைத் தள்ளி, பெஞ்சு மாறி, சூப்பர் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறானே, இதை யாரிடம் கற்றான் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் பதிலும் வந்துவிட்டது.

உனக்குப் பன்னிரண்டு வயசு. கிறிஸ்துமஸ் கீத ஆராதனை. முதல் சரணம் நீ தனியாகப் பாட வேண்டும். ஒரு மாதமாகக் குளிக்கும்போதெல்லாம் பாடிக்கொண்டிருந்தாய். மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாய். முதல் வரி கண்ணாடி மாதிரி வந்தது. இரண்டாவது வரியில், மேலே போகிற இடத்தில் உன் குரல் உடைந்தது. பின்னால் பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். நீ நிறுத்தவில்லை, ஜெபா. அதுதான் எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. நீ உடைந்த குரலோடு அடுத்த வார்த்தைக்குப் போனாய். நான்தான் பொறுக்கவில்லை. டயபேசனை இழுத்தேன், நாலடியை இழுத்தேன். இருக்கிறதிலேயே உரத்த இரண்டையும் இழுத்து உன் மேல் கொட்டினேன். கோயில் முழுக்க ஆர்கன். நீ வாயை அசைத்துக்கொண்டு நின்றாய். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. வீட்டுக்கு வரும் வழியில், "ஏம்மா என்னைய அமுக்குன? நான் பாடிடுவேன்ல" என்றாய். "எல்லாரும் சிரிச்சாங்கடா" என்றேன். "சிரிச்சா சிரிக்கட்டும்" என்றாய். அதற்குப் பிறகு நீ கோயிலில் தனியாகப் பாடவே இல்லை. பாடகர் குழுவுக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாய். படிப்பு இருக்கிறது என்று நானும் ஊருக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாளின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். மூன்றாவது டைரி. "இரண்டாம் வரியில் ஜெபாவின் குரல் உடைந்தது. டயபேசன், நாலடி சேர்த்தேன். சரியாயிற்று" என்று எழுதியிருக்கிறேன். ஏழு டைரியிலும் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். ஒன்றும் சரியாகவில்லை. குரல் உடைகிற வயசில் குரல் உடைவது ஒரு தப்பே இல்லை. அதை மூட வேண்டிய அசிங்கமாக உனக்குக் காட்டிக்கொடுத்தது நான். பிரியமானவர்களின் குறையை மற்றவர் காதில் விழாமல் மூடிவிடுவதுதான் பிரியம் என்று நீ என்னிடம்தான் படித்தாய். படித்ததை அப்படியே எனக்குச் செய்தாய். என்னைவிட மெதுவாக, என்னைவிட மரியாதையாக. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இருபது வருஷம் தாமதம்தான்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல், நேராக ஆயரிடம் போய், கல்யாணத்துக்குக் கீபோர்டு வாசிக்க வேறு ஆள் பாருங்கள் என்று சொன்னேன். அதுவும் மூடுகிற வேலைதான். நீ அவரிடம் கேள்விப்பட்டு போனில் கத்தினாய். "நீ வாசிக்கலன்னா அன்னைக்கு ஒரு மண்ணும் வேணாம், சும்மா நடந்து வந்து மோதிரம் மாத்திக்கிறோம்!" நீ என்னிடம் அப்படிக் கத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கேட்க நன்றாக இருந்தது. "அப்படின்னா சனிக்கிழமை வா. வந்து உண்மையச் சொல்லு" என்றேன்.

வந்தீர்கள். மெர்சி நடைபாதையில் நின்றாள், நீ மாப்பிள்ளை நிற்கிற இடத்தில் நின்றாய், சம்பந்தி நடு பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு முடிவோடுதான் வந்திருந்தேன்: இனி ரெண்டடியைத் தொடுவதில்லை. கேட்காததை ஏன் இழுக்க வேண்டும்? முதலில் ராகத்தை ஓபோவில் வாசித்தேன். சம்பந்திக்குப் பரம சந்தோஷம். "இதுவே இருக்கட்டும், கெட்டிமேளம் மாரி கீது!" நீ தலையை ஆட்டினாய். "வெயில்ல ஓபோ சுருதி விலகிடுச்சும்மா. மேல போகப்போகப் புளிக்குது." சரி என்று மூடிய மரக்குழாய் எட்டடியை மட்டும் வைத்து வாசித்தேன். எனக்கு அது நிறைவாக இருந்தது. இடது கையில் டல்சியானா என்கிற மெல்லிய குரல், காலில் பதினாறடி, மேலே அந்த மரக்குரல். ஒரு தப்பும் இல்லை. முடித்துவிட்டுத் திரும்பினேன். நீ மெர்சியைப் பார்த்தாய், அவள் உன்னைப் பார்த்தாள். உன் வாயில் "சூப்பர்மா" வந்து நிற்பதை நான் பார்த்தேன், ஜெபா. அதை நீ விழுங்கினாய். "பாட்டு தூங்குதும்மா" என்றாய். "அலங்காரம் ஒண்ணுமே தெரியல. எல்லாம் கஞ்சி மாதிரி கலந்துடுது."

"அப்ப என்னதான்டா வேணும்?" என்றேன். நீ ஏறி வந்தாய். "இந்த மரக்குழாயோட ரெண்டடியைச் சேரு. டயபேசன் வேணாம், நாலடி வேணாம். இது மட்டும்." நான் இழுத்தேன். வாசித்தேன். என் காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதே மரக்குரல், அதே நிறைவு. ஆனால் நாலாவது வரியில் கண்ணாடியில் பார்த்தேன். ஆராதனையில் ஆயரின் சைகையைப் பார்க்க மாட்டியிருக்கிற அந்தச் சின்னக் கண்ணாடியில். சம்பந்தி காலைக் கீழே இறக்கிவிட்டிருந்தார். மெர்சி நின்ற இடத்தில் அசையாமல் நின்றாள். முடிந்ததும் சம்பந்தி, "இன்னாவோ தெரியல, எம் பொண்ணு இப்பவே நடந்து போறா மாரி கீது" என்றார். நீ, "இதாம்மா. மேல ஒரு ஓரம் வெளிச்சம் போட்டா மாதிரி, ஒவ்வொரு சுரமும் தனியாத் தெரியுது. இத வச்சு வாசிக்கிறியா?" என்றாய்.

அங்கேதான் நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். எனக்குக் கேட்காத ஒன்றை வைத்துக்கொண்டு நான் எப்படி வாசிப்பது? அது கூர்மையாகிறதா, சுருதி விலகுகிறதா, எதுவும் தெரியாது. கட்டை மாட்டிக்கொண்டு அன்றைக்கு மாதிரி கத்தினால், ஊரே கேட்கும், நான் மட்டும் சிரித்துக்கொண்டே வாசித்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷம் என் காது சொன்னதைத்தான் என் கை செய்தது. அதை விட்டுவிட்டு இன்னொருவர் காதை நம்பி வாசிப்பது எனக்குப் பயமாக இருந்தது. மூன்று நாள் அதையே சுற்றிச் சுற்றி நினைத்தேன்.

உனக்குக் கல்யாணத்துக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்றால் எனக்கு இதற்கு மேல் தெரியாது. நீயும் மெர்சியும் ஒருவர் கேட்காததை மற்றவர் கேட்பீர்கள். அதைச் சொல்லிவிடுங்கள். "பாட்டு தூங்குது" என்று நீ என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே, அப்படி. நல்லா இருக்கு என்ற ஒரே வார்த்தையை எல்லாவற்றின் மேலும் இழுத்துப் போர்த்தாதே. அவள் உன்னிடம் ஒன்றைச் சொன்னால், உன் காதுக்கு எட்டவில்லை என்பதற்காக அது இல்லை என்று சாதிக்காதே. நானும் உன் அப்பாவும் இதையெல்லாம் தாமதமாகத்தான் பழகினோம், அதுவும் கடற்கரை மணலில்.

நான் வாசிக்கிறேன், ஜெபா. ஆயரிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன். கீழ்க்கட்டையில் மரக்குழாய் எட்டடியும் ரெண்டடியும், மேல்கட்டையில் டல்சியானா, காலுக்குப் பதினாறடி. நீ சொன்னபடியே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். ஒரே ஒரு காரியம் நீ எனக்குச் செய்ய வேண்டும். அன்றைக்கு நீ முன்னால் நின்றுகொண்டிருப்பாய், என் தோளுக்கு மேலாகக் கையை நீட்ட உன்னால் முடியாது. சம்பந்தி வாசலில் மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். உன் அப்பாவை நம்ப முடியாது. அதனால், அந்தக் குழாய் மாட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தால், காத்து லீக்கு என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லிச் சமாளிக்காதே, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதே. மாப்பிள்ளை என்று பார்க்காதே. திரும்பி நின்று, சபை முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, ரெண்டடி!" என்று சத்தமாகச் சொல். உன் குரல் எனக்கு நன்றாகக் கேட்கும். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நான் கையை எடுத்து அந்தக் குமிழை உள்ளே தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசிப்பேன்.

அம்மா